தொழில்முறை விளையாட்டில் தடுப்பூசி விதி: ஒரு வழக்கை எடைபோடுவது எப்படி

2022 மார்ச் 13 அன்று புரூக்ளின் நெட்ஸ் அணியின் கூடைப்பந்து வீரர் கைரி இர்விங், தம் சொந்த அணி ஆடிக்கொண்டிருந்த உள்ளரங்கில் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருந்தார். கொரோனாத் தடுப்பூசிச் சான்று இல்லாதவர்கள் அரங்குகளுக்குள் வரக் கூடாது என்ற விதியை நியூயார்க் நகரம் ஒரு வாரத்துக்கு முன்புதான் விலக்கிக்கொண்டிருந்தது. ஆனால் நகரின் தனியார் நிறுவன ஊழியர்களுக்கான தடுப்பூசிக் கட்டாயம் நீடித்ததால், அவர் அந்த அரங்கில் உட்காரலாம், ஆடக் கூடாது. வெளியூர் அணியைச் சேர்ந்த ஒருவர் தடுப்பூசி போடாமல் வந்திருந்தால், அவர் அதே தளத்தில் ஆடியிருக்க முடியும். நகர விதி அவர்களுக்கு விலக்கு அளித்திருந்தது.

"தனிமனித உரிமையா, பொது நலமா?" என்ற பழகிய கேள்வியை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை விளக்கவே முடியாது. இங்கே இடறியது உரிமையும் அல்ல, நலமும் அல்ல. ஒரு விதியின் அமைப்பு. தொழில்முறை விளையாட்டில் தடுப்பூசி பற்றி விவாத மேடையில் பேசவோ, கட்டுரை எழுதவோ, ஒரு கழகத்தின் நிர்வாகக் குழுவில் வாக்களிக்கவோ வேண்டியிருப்பவர், பெரிய கொள்கைகளுக்குப் போகும் முன் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான வழிமுறையையே இங்கே எழுதுகிறேன்.

விதியை இட்டவர் யார்?

முதல் வேலை இது. ஒரு வீரர் ஆட முடியாமல் போனதும், "லீக் தடைசெய்தது" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறாக இருக்கும். வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, 2021-22 பருவத்தில் வீரர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கவில்லை. லீக் அதை விரும்பியது. வீரர் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அதே லீக்கில் நடுவர்களின் சங்கம் ஒப்புக்கொண்டதால் நடுவர்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஒரே தளத்தில் ஓடும் இரு சாராருக்கு இரு விதிகள் இருந்ததற்குக் காரணம் மருத்துவம் அல்ல, கூட்டுப் பேரம். இர்விங்கைத் தடுத்தது நியூயார்க் நகரின் ஆணை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஆண்ட்ரூ விக்கின்ஸுக்கு இடையூறாக நின்றது சான் பிரான்சிஸ்கோ நகரின் ஆணை. மத நம்பிக்கையின் பெயரில் அவர் கேட்ட விலக்கை லீக் மறுத்தது. பருவம் தொடங்கும் முன் அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்.

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கான ஏஎப்எல் வேறு வழியில் சென்றது. 2021 அக்டோபரில் லீக்கே கட்டாய விதியை அறிவித்தது. அடுத்த மாதம் கார்ல்டன் அணியின் லியாம் ஜோன்ஸ் ஓய்வை அறிவித்தார். இங்கே கேள்விக்கு உள்ளாக வேண்டியது ஒரு வேலைநியமிப்பாளரின் அதிகாரம். நகர ஆணை என்றால் கேள்விக்கு உள்ளாவது மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அரசின் அதிகாரம். நாட்டு எல்லை என்றால் கேள்வி இன்னும் மாறுகிறது. வெளிநாட்டவர் எவருக்கும் ஒரு நாட்டுக்குள் நுழையும் பிறப்புரிமை இல்லை. இந்த மூன்றையும் ஒரே வாதத்தால் தாக்கவோ காக்கவோ முயல்பவரின் பேச்சில் ஏதேனும் ஓரிடத்தில் ஓட்டை விழும்.

'கட்டாயம்' என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள்

யாரும் யாரையும் பிடித்து நிறுத்தி ஊசி போடவில்லை. இதைச் சொல்வது விதியை எதிர்ப்பவரின் வலியைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தடுப்பூசி விதி என்பது மறுப்புக்கு ஒரு விலையை நிர்ணயிப்பது. 1905இல் ஜேக்கப்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரியம்மைத் தடுப்பூசி விதியை ஏற்றபோது, மறுத்தவருக்கு அந்த விதி வைத்திருந்த விலை 5 டாலர் அபராதம். இன்று அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தத் தொகையைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. 5 டாலர் அபராதமும் ஒரு பருவத்தின் சம்பளமும் ஒன்றல்ல. முன்னதற்குக் கிடைத்த ஒப்புதல் பின்னதற்குத் தானாகவே நீண்டுவிடாது.

ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பெய்ஜிங்கில் 2022இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், தடுப்பூசி போடாதவர்கள் 21 நாள் தனிமைப்படுத்தலில் இருந்தால் பங்கேற்கலாம் என்று விதித்தார்கள். 2014இல் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் பட்ரீசியா கும்மர் அந்த 21 நாட்களையும் சீனாவில் தனிமையில் கழித்துவிட்டுப் போட்டியிட்டார். பயிற்சிக்கு மிக முக்கியமான வாரங்களை இழப்பது ஒரு விளையாட்டு வீரருக்குச் சிறிய விலை அல்ல. ஆனாலும் கதவு திறந்திருந்தது. மாற்றுவழி உள்ள விதியும் மாற்றுவழியே இல்லாத விதியும் அறநெறியில் வெவ்வேறு எடை கொண்டவை.

கனடா 2022 ஜனவரி முதல் தடுப்பூசி போடாத வெளிநாட்டு வீரர்களை உள்ளே விடவில்லை. அதனால் அமெரிக்க பேஸ்பால் அணிகள் டொராண்டோவுக்குச் செல்லும்போதெல்லாம் சிலரை விட்டுவிட்டுச் செல்ல நேர்ந்தது. அந்த ஆட்டங்களுக்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லை, அந்த நாட்கள் பணிக்காலத்திலும் சேரவில்லை. 2022 ஜூலையில் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணி ஒரே தொடருக்காகப் பத்து வீரர்களை விட்டுச் சென்றது. அவர்களில் ஒருவரான விட் மெரிஃபீல்ட் அடுத்த மாதமே டொராண்டோ அணிக்கு மாற்றப்பட்டார். தடுப்பூசி போட்டுக்கொண்டு அங்கே ஆடினார். நான்கு ஆட்டங்களின் விலையை ஏற்கத் துணிந்த ஒருவர், எஞ்சிய பருவத்தில் சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களின் விலை என்றதும் முடிவை மாற்றிக்கொள்வதை ஊசலாட்டம் என்று இகழ வேண்டியதில்லை. விலை உயர உயரத் தேர்வு மாறும் என்பதே இத்தகைய விதிகளின் நோக்கம். அந்த நோக்கம் எந்த எல்லைவரை நியாயமானது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் பயன்படும். எவரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வற்புறுத்த முடியாது, ஆயினும் பொதுச் சுகாதாரத்துக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம், அவை தேவையின் அளவை மீறக் கூடாது என்று அது கூறியது. உரிமைக்கும் அதன் விலைக்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்ற மொழியில் காண விரும்புபவர் அதைப் படிக்கலாம்.

அறிவியல் வாதத்துக்குத் தேதி குறியுங்கள்

தடுப்பூசிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் கூற்றுகளில் இரண்டு அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. போட்டுக்கொள்பவரைக் கடும் நோயிலிருந்து காக்கிறது என்பது ஒன்று. அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவுவதைக் குறைக்கிறது என்பது மற்றொன்று. முதல் கூற்று மட்டும் உண்மையானால், அது ஒருவருக்குத் தரும் நல்ல அறிவுரை. பிறர்மீது விதியாகச் சுமத்த அது போதாது. விதிக்கு அடித்தளம் இரண்டாம் கூற்றே.

இரண்டாம் கூற்றின் வலிமை காலத்தோடு மாறியது. உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 26 அன்று ஓமிக்ரான் என்று பெயரிட்ட திரிபு பரவியபின், தடுப்பூசி போட்டவர்களும் பெருமளவில் தொற்றுக்கு ஆளாயினர். தொற்றுக்கு எதிரான காப்பு சில மாதங்களில் வெகுவாகக் குறைந்தது, கடும் நோய்க்கு எதிரான காப்பு அதைவிட நன்றாக நிலைத்தது. எனவே 2021 செப்டம்பரில் நியாயமாக இருந்த ஒரு விதி 2022 மார்ச்சில் அதே அளவு நியாயமாக இருந்ததா என்று கேட்பது அறிவியலை மறுப்பது ஆகாது, அறிவியலைப் பின்தொடர்வதே ஆகும். அவ்வாறே, 2022 மார்ச்சில் தெரிந்ததை வைத்து 2021 செப்டம்பரில் முடிவெடுத்தவர்களை அறிவிலிகள் என்பதும் நேர்மையல்ல. நீங்கள் காட்டும் ஒவ்வொரு சான்றின் பக்கத்திலும் அது எந்த மாதத்துக்கு உரியது என்று எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வீரர்களின் அச்சத்துக்கு உரிய இடம் கொடுங்கள். எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிகளுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி ஏற்படுவது அரிது. ஆனால் அது ஏற்பட்டவர்களில் இளம் ஆண்கள் அதிகம், பெரும்பாலும் இரண்டாம் தவணைக்குப் பின் சில நாட்களில் ஏற்பட்டது. ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஜூலையிலேயே இதை ஒப்புக்கொண்டு எச்சரிக்கையில் சேர்த்தது. பெரும்பாலோர் ஓய்வாலும் சிகிச்சையாலும் தேறினர். கொரோனாத் தொற்றும் அதே அழற்சியை உண்டாக்கக்கூடியது. உடலே பிழைப்பாக இருக்கும் இளைஞர் ஒருவர் இதைப் பற்றி மருத்துவரிடம் விரிவாகக் கேட்க விரும்புவது மூடநம்பிக்கை அல்ல. பயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் யோசுவா கிம்மிக், நீண்டகால விளைவுகள் பற்றிய தயக்கத்தால் தடுப்பூசி போடவில்லை என்று 2021 அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதம் தொற்றுக்கு ஆளாகி, நுரையீரல் பாதிப்பால் அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார். பிறகு தடுப்பூசி போட்டுக்கொள்ளப்போவதாகக் கூறினார். அவரை எடுத்துக்காட்டி எள்ளி நகையாடுபவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. தயக்கத்தை மறைக்காமல் சொன்னவர், மனம் மாறியதையும் மறைக்காமல் சொன்னார்.

வதந்திகளுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று ஆடுகளத்தில் சரிந்தபோது, தடுப்பூசியே காரணம் என்ற செய்தி உலகைச் சுற்றியது. அவர் தடுப்பூசியே போட்டிருக்கவில்லை என்று அவர் அப்போது ஆடிய இன்டர் மிலான் கழகத்தின் நிர்வாகி தெரிவித்தார். அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் 2023 ஜனவரி 2 அன்று மார்பில் அடிபட்டு இதயம் நின்றபோதும் அதே கதை கிளம்பியது. இதயத் துடிப்பின் குறிப்பிட்ட கணத்தில் மார்பில் விழும் அடியால் ஏற்படும் நிலை அது என்று மருத்துவர்கள் கண்டறிந்ததாக அவரே பின்னர் கூறினார். ஒருவர் உயிருக்குப் போராடும் நேரத்தில் அவர் உடலை வாதத்துக்குச் சான்றாக ஆக்குவது எந்தத் தரப்புக்கும் தகாது.

சட்டப்படி செல்லுமா, செய்தது சரியா?

இவை இரண்டு கேள்விகள். செர்பிய டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்சின் வழக்கைக் கவனமாகப் படித்தால் இந்த வேறுபாடு விளங்கும். இந்த வழிமுறையில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய வழக்கும் அதுவே.

ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆட 2022 ஜனவரி 5 இரவு மெல்போர்னில் இறங்கிய அவரிடம் மருத்துவ விலக்கு இருந்தது. டென்னிஸ் ஆஸ்திரேலியா அமைப்பும் விக்டோரியா மாநில அரசும் அமைத்த குழுக்கள் அதை அளித்திருந்தன; 2021 டிசம்பர் 16 அன்று அவருக்குத் தொற்று உறுதியானது அதற்குக் காரணம். ஆனால் எல்லை, கூட்டாட்சி அரசின் கையில் இருந்தது. முந்தைய தொற்றை மட்டும் காரணமாக ஏற்க முடியாது என்பது அதன் நிலை. விடியற்காலை விசாரணையில், பதில் சொல்லக் காலை 8.30 வரை நேரம் தருவதாகக் கூறிய அதிகாரிகள் 7.42க்கே விசாவை ரத்துசெய்தனர். ஜனவரி 10 அன்று நீதிபதி ஆண்டனி கெல்லி அந்த ரத்தை நீக்கினார். இந்தத் தீர்ப்பைத் தடுப்பூசி எதிர்ப்பின் வெற்றியாகக் கொண்டாடியவர்கள் அதைப் படிக்கவில்லை. தருவதாக உறுதி சொன்ன நேரத்தை ஒருவருக்குக் கொடுக்காமல் பறித்தது முறையல்ல என்பதே அதன் சாரம்.

ஜனவரி 14 அன்று குடிவரவு அமைச்சர் அலெக்ஸ் ஹாக் தம் தனி அதிகாரத்தைக் கொண்டு விசாவை மீண்டும் ரத்துசெய்தார். அவர் தந்த காரணங்களை ஊன்றிப் படியுங்கள். ஜோகோவிச்சால் தொற்று பரவும் ஆபத்து மிகக் குறைவு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். தடுப்பூசி போடாததற்கு மருத்துவக் காரணம் உண்டு என்றே வைத்துக்கொண்டார். பிறகும் ரத்துசெய்ததற்குக் காரணம், அவர் நாட்டில் இருப்பது தடுப்பூசிக்கு எதிரான மனநிலையை வளர்க்கக்கூடும் என்பது. ஜனவரி 16 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக ஜோகோவிச்சின் மனுவைத் தள்ளுபடி செய்தனர். அமைச்சரின் முடிவு அறிவார்ந்ததா என்று தீர்மானிப்பது தங்கள் பணி அல்ல, அது சட்டத்துக்கு உட்பட்டதா என்பதே தங்கள் முன்னிருந்த கேள்வி என்று தெளிவாக எழுதினர்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன், நீங்கள் மாறுபடலாம். எல்லாப் பயணிகளுக்கும் பொதுவான எல்லை விதியை ஒரு புகழ்பெற்றவருக்காகத் தளர்த்த மறுத்திருந்தால் அது நியாயம். ஆனால் அமைச்சர் இறுதியில் கைக்கொண்ட காரணம் அதுவல்ல. ஒருவர் செய்த செயலுக்காக அன்றி, பிறர் அவரை எதன் அடையாளமாகக் கொள்வார்கள் என்பதற்காக அவரை வெளியேற்றுவது, சட்டம் அனுமதித்தாலும், கவலைக்குரிய முன்னுதாரணம். அதே வேளை ஜோகோவிச்சின் நடத்தையையும் விட்டுவிட முடியாது. தமக்குத் தொற்று இருப்பதை அறிந்த பின் டிசம்பர் 18 அன்று ஒரு பத்திரிகைப் பேட்டியை நேரில் அளித்ததையும், பயணப் படிவத்தில் தவறான தகவல் இருந்ததையும் அவரே ஒப்புக்கொண்டார். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத எந்தக் கட்டுரையும் முழுமையானது அல்ல.

பிறகு அவர் எடுத்த நிலை தெளிவானது. தாம் தடுப்பூசிக்கு எதிரானவர் அல்ல என்றும், உடலில் எதைச் செலுத்துவது என்ற தேர்வுக்காகக் கோப்பைகளை இழக்கத் தயார் என்றும் 2022 பிப்ரவரியில் பிபிசி பேட்டியில் கூறினார். 2022 அமெரிக்க ஓப்பனை இழந்தார். தடுப்பூசியைக் கேட்காத விம்பிள்டனில் அதே ஆண்டு வென்றார். தேர்வு என்னுடையது, விலையும் என்னுடையது என்று நின்றவரை ஏற்கலாம், மறுக்கலாம். குழப்பவாதி என்று சொல்ல முடியாது.

ஒரே விதி எல்லோருக்குமா?

ஜோகோவிச்சுக்கு முன்பே, அதே வகை விலக்குடன் நாட்டுக்குள் வந்து ஓர் ஆயத்தப் போட்டியில் ஆடியும் முடித்திருந்தார் செக் நாட்டு இரட்டையர் ஆட்டக்காரர் ரெனாட்டா வொராச்சோவா. ஜோகோவிச்சைச் சுற்றிப் புயல் எழுந்த பிறகே அதிகாரிகள் அவரைத் தேடிவந்து விசாவை ரத்துசெய்தனர். புகழ் இல்லாதவர்கள் வரும்வரை ஒரு வழக்கை மூடாதீர்கள்.

நியூயார்க்கிலும் இதுவே நடந்தது. 2022 பிப்ரவரியில், தடுப்பூசி விதிக்கு இணங்காத 1,400க்கும் மேற்பட்ட மாநகர ஊழியர்கள் வேலையை இழந்தார்கள். மார்ச் 24 அன்று மேயர் எரிக் ஆடம்ஸ், விளையாட்டு வீரர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் தனியார் ஊழியர் விதியிலிருந்து விலக்கு அளித்தார். மூன்று நாளில் இர்விங் சொந்த அரங்கில் ஆடினார். வெளியூர் வீரர்களுக்கு இருந்த விலக்கை உள்ளூர் வீரர்களுக்கும் தருவது முரண்பாட்டைச் சரிசெய்வதே என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் முரண்பாடு அங்கிருந்து ஊழியர்கள் பக்கம் நகர்ந்தது, மறையவில்லை. விதி தேவையென்றால் இரு சாராருக்கும் தேவை. தேவையில்லை என்றால் துப்புரவுப் பணியாளருக்கும் தேவையில்லை. இந்தச் சோதனையில் அந்த விலக்கு தோற்றது என்றே கருதுகிறேன்.

மறுப்பது வேறு, ஏமாற்றுவது வேறு

அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸின் ஆரன் ராட்ஜர்ஸ் 2021 ஆகஸ்டில், தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்கப்பட்டபோது, தமக்கு நோய் எதிர்ப்பாற்றல் உண்டாக்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் ஆம் என்றார். நவம்பரில் தொற்று உறுதியானபோதுதான் அவர் தடுப்பூசி போடவில்லை என்பது வெளியில் தெரிந்தது. அவருக்கு 14,650 டாலரும், நெறிமுறைகளைச் செயல்படுத்தத் தவறிய அணிக்கு 3,00,000 டாலரும் லீக் அபராதம் விதித்தது. ஐஸ் ஹாக்கி வீரர் எவாண்டர் கேன் போலிச் சான்று காட்டியதற்காக 21 ஆட்டங்களுக்கு நீக்கப்பட்டார். உங்கள் வாதத்தில் இவர்களைத் தனியாக வையுங்கள். மருத்துவத் தகவலை ஊடகத்திடம் சொல்ல மறுக்க வீரருக்கு உரிமை உண்டு. உடை மாற்றும் அறையைப் பகிரும் சக வீரரின் பாதுகாப்புக்கான ஏற்பாட்டைப் பொய்யால் குலைக்க உரிமை இல்லை.

விதியை எழுதும் இடத்தில் நீங்களே இருந்தால்

ஒரு கழகத்திலோ சங்கத்திலோ இத்தகைய விதியை வரைய நேர்ந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றை முதலில் பாருங்கள். சில நாடுகளுக்குள் நுழைய அது பல பத்தாண்டுகளாகத் தேவைப்படுகிறது, விளையாட்டு வீரர்களும் காட்டுகிறார்கள், எவரும் கொந்தளிப்பதில்லை. எந்த நோய், எந்தப் பயணம், எத்தனை நாளுக்கு முன் போட வேண்டும், எத்தனை காலம் செல்லும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருப்பதும், வீரருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் ஒரே விதி என்பதும் அதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். புதிய அறிவு வந்தபோது அந்தச் சான்றின் செல்லுபடியும் மாறியது: பத்தாண்டாக இருந்தது 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுவதற்குமானதாயிற்று.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை உங்கள் வரைவில் எழுத்தாக வையுங்கள். விதியை வீரர் சங்கத்தோடு பேசி முடிவெடுங்கள். பருவம் தொடங்கும் முன் அறிவியுங்கள். மருத்துவ விலக்கை யார் அளிப்பார், அந்த விலக்கை எல்லையிலுள்ள அரசு ஏற்குமா என்பதை வீரர் விமானம் ஏறும் முன் எழுத்தில் பெற்றுத்தாருங்கள். மெல்போர்னில் தவறியது இதுதான். அடிக்கடிப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் போன்ற மாற்றுவழி ஒன்றையாவது திறந்துவையுங்கள். அதன் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுதுங்கள். வீரருக்கு உள்ள விதியே பயிற்சியாளருக்கும் அரங்கைத் துடைப்பவருக்கும் என்று உறுதிசெய்யுங்கள். கடைசியாக, விதி முடிவதற்கான நிபந்தனையைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். கனடா தன் எல்லை விதியை 2022 அக்டோபர் 1 அன்று நீக்கியது. வெளிநாட்டு விமானப் பயணிகளுக்கான தன் விதியை அமெரிக்கா 2023 மே 11 வரை வைத்திருந்தது. அருகருகே உள்ள இரு நாடுகளுக்கு இடையே ஏழு மாத வேறுபாடு. அந்த ஏழு மாதங்களுக்கு உள்ளே 2023ஆம் ஆண்டின் இண்டியன் வெல்ஸ், மயாமி போட்டிகளை ஜோகோவிச் இழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனை வென்றார். அந்த இடைவெளிக்கு மருத்துவக் காரணம் இருந்ததா என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டால், பதில் சொல்லக்கூடிய வகையில் உங்கள் விதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.